முழங்கால் மாற்று: பகுதியா, முழுதா?

முழங்கால் மூட்டு உட்புறம், வெளிப்புறம், சில்லின் பின்புறம் என மூன்று பகுதிகளைக் கொண்டதாகையால் தேய்மானமும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தொடங்குவதில்லை. பலருக்கும் முதலில் அழிவது உட்புறக் குருத்தெலும்பே. தேய்ந்த அந்தப் பகுதிக்கு மட்டும் உலோகக் கவசமும் நடுவே பாலிஎத்திலீன் தட்டும் பொருத்தி, மூட்டைப் பிணைத்திருக்கும் தசைநார்களை அப்படியே விட்டுவிடுவது பகுதி மாற்று; தொடை எலும்பின் அடிமுனையையும் கணைக்கால் எலும்பின் மேல்முனையையும் முழுவதும் மூடுவது முழு மாற்று, இதில் முன் குறுக்குத் தசைநார் பெரும்பாலும் நீக்கப்படுகிறது.

எது பொருந்தும் என்பதை வலியின் கடுமை காட்டாது, நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரேதான் காட்டும். படுத்து எடுத்த படத்தில் இடைவெளி இருப்பதுபோலத் தெரியும் மூட்டில், உடல் எடை ஏறியதும் எலும்பும் எலும்பும் உரசுவது புலப்படும். உட்புறம் மட்டும் தேய்ந்து, முன் குறுக்குத் தசைநார் உறுதியாக இருந்து, வில்லாக வளைந்த கால் நேராக்கினால் நிமிரவும் செய்தால் பகுதி மாற்றுக்கு இடமுண்டு. முடக்குவாதம் இருந்தாலோ, வளைவு இறுகிப்போயிருந்தாலோ முழு மாற்றே வழி.

பிரிட்டனில் உட்புறத் தேய்மானமுள்ள 528 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குப் பின் வலியிலும் இயக்கத்திலும் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே நின்றன. பகுதி மாற்றில் இரத்தம் ஏற்றும் தேவையும் இரத்தக்கட்டு ஆபத்தும் குறைவு. ஆயுளில் நிலைமை வேறு: அதே ஆண்டின் மற்றொரு தொகுப்பாய்வின்படி 25 ஆண்டுகளைக் கடப்பவை முழு மாற்றில் நூற்றுக்கு 82, பகுதி மாற்றில் 70. பகுதி மாற்றை முழு மாற்றாக்குவது எளிதென்பதால் மருத்துவர்கள் விரைவில் அதற்கு முன்வருவதும் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம் என்பதால், இந்த எண்ணை முற்றிலும் பொருளின் உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தூத்துக்குடியில் உப்பளத்தில் உப்பை வாரிக் குவிப்போருக்கும், ஆடும் வள்ளத்தில் கால் ஊன்றி நிற்போருக்கும், பனிமய மாதா பேராலயத்தில் மண்டியிட்டு வேண்டுவோருக்கும் முழங்காலை மடக்குவது அன்றாடத் தேவை. மண்டியிட்டால் செயற்கை மூட்டு உடைந்துவிடும் என்பதன்று. தழும்பைச் சுற்றி மரத்துப்போன தோலும் அழுத்தமும் தரும் சங்கடமே தடை, அது பகுதி மாற்றில் பொதுவாகக் குறைவாக இருக்கிறது. குந்தி உட்காரும் கழிப்பறைப் பழக்கத்தை மட்டும் எந்த அறுவைக்குப் பின்னும் மாற்றிக்கொள்வது நல்லது.

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தபின், பொருளின் விலையை வைத்து மட்டும் முடிவெடுக்க அதிகக் காரணமில்லை. அதைவிட முக்கியமானது அறுவை செய்பவரின் பழக்கம்: ஆண்டுக்குப் பத்துக்கும் குறைவாகப் பகுதி மாற்று செய்பவரிடம் மறு அறுவை விகிதம் கூடுகிறது. ஆகவே, உள்ளூரிலோ திருநெல்வேலி, மதுரையிலோ அறுவைக்கு நாள் குறிக்கும் முன், கடந்த ஆண்டில் எத்தனை பகுதி மாற்றுகள் செய்தார் என்று மருத்துவரிடமே கேட்டுவிடலாம். எண்ணிக்கை மிகக் குறைவென்றால், அவர் கைக்குப் பழகிய முழு மாற்றையே ஏற்பது பாதுகாப்பு.