கார் ஆம்ப்ளிஃபயரை மதிப்பிடுவது எப்படி?

திண்டிவனத்திலிருந்து வரும் நெடுஞ்சாலை, நம் செஞ்சியைக் கடந்து, ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே புகுந்து திருவண்ணாமலை செல்வதை நாம் அறிவோம். பௌர்ணமி நாள்களில் கிரிவலம் செல்வோரின் கார்களும் வேன்களும் இச்சாலையில் வரிசையாகச் செல்லும். அவற்றுள் பலவற்றில் பாட்டு ஒலிக்கும். அந்த ஒலிக்கு வலிமை தருவது, இருக்கைக்கு அடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் என்னும் சிறு பெட்டியே.

வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்குச் சில ஆயிரம் ரூபாய் என்பது சிறு தொகை அன்று. கடையில் ஒரு பெட்டியின் மேல் ‘1000 வாட்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அதை நம்பி வாங்கலாமா? பள்ளியில் நாம் படிக்கும் இயற்பியலைக் கொண்டே இதற்கு விடை காண்போம்.

இரு தடம் என்றால் என்ன?

பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் மின்குறிப்பு மிகச் சிறியது. ஸ்பீக்கரை அசைக்க அதற்கு வலிமை போதாது. அதன் வடிவத்தை மாற்றாமல் அளவை மட்டும் பெருக்குவதே ஆம்ப்ளிஃபயரின் பணி. இடப்பக்க ஸ்பீக்கருக்கு ஒரு தடம், வலப்பக்க ஸ்பீக்கருக்கு ஒரு தடம் என இரண்டு இருப்பதால், இதனை இரு தட ஆம்ப்ளிஃபயர் என்கிறோம்.

என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். இதனை அப்படியே பயன்படுத்தினால், ஒலி அலையின் உச்சம் 14.4 வோல்ட்டைத் தாண்டாது. உச்ச அளவை 1.414ஆல் வகுத்தால் பயனுறு அளவு 10.2 வோல்ட் ஆகும். 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் திறன், 10.2ஐ 10.2ஆல் பெருக்கி 4ஆல் வகுக்க, 26 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் மின்னழுத்தத்தை உயர்த்தியாக வேண்டும். ஆகவே தனி ஆம்ப்ளிஃபயருக்குள், பாட்டரியின் நேர்மின்னோட்டத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி, மின்மாற்றியால் உயர்த்தி, மீண்டும் நேர்மின்னோட்டமாக்கும் பகுதி ஒன்று உண்டு.

ஃபியூஸ் சொல்லும் உண்மை

பெட்டியின் மேல் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பார்ப்போம். அது 20 ஆம்பியர் என்று கொள்வோம். 14.4ஐ 20ஆல் பெருக்கினால் 288 வாட். பாட்டரியிலிருந்து இடைவிடாமல் உள்ளே செல்லக்கூடியது ஏறத்தாழ இவ்வளவே. பழைய முறையான ஏ-பி வகையில் இதில் சுமார் 60 விழுக்காடே ஒலித் திறனாகிறது, மீதி வெப்பமாகிறது. அதாவது 170 வாட். ஒரு தடத்திற்கு 85 வாட். டி வகையில் 80 விழுக்காடு என்று கொண்டாலும் தடத்திற்கு 115 வாட்தான். உள்ளே 288 வாட் சென்றால் வெளியே 1000 வாட் எப்படி வரும்? ஆற்றல் அழிவின்மை விதி எந்தக் கடைக்கும் பொருந்தும் அன்றோ!

கண நேரத்து உச்சத்தைப் பெரிதாக எழுதுவதால் வரும் குழப்பம் இது. இதனைத் தீர்க்க அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு சி.இ.ஏ.-2006 என்னும் தர அளவை வகுத்தனர். 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், உருக்குலைவும் இரைச்சலும் சேர்ந்து 1 விழுக்காட்டைத் தாண்டாமல் கிடைக்கும் திறனையே குறிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். எனவே ‘எத்தனை வாட்?’ என்று மட்டும் கேட்காமல், ‘ஆர்.எம்.எஸ். எத்தனை வாட்? எத்தனை ஓமில்? எவ்வளவு உருக்குலைவில்?’ என்று கேட்பதே சரியான கேள்வி.

காதால் சோதித்தல்

1. பாட்டு இல்லாமல் ஒலி அளவைக் கூட்டிக் கேட்க வேண்டும். ‘உஸ்’ என்ற இரைச்சல் மிகக் குறைவாக இருத்தல் நலம். என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம் கேட்டால், முதலில் பாடி எர்த் இணைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

2. இரு தடங்களுக்கும் ஒரே குரலை அனுப்பி, இரு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் அமர்ந்து கேட்டால், குரல் நடுவிலிருந்து வர வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தடங்கள் சமமாக இல்லை என்பது பொருள்.

3. ஒலியைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். எல்லை மீறும்போது அலையின் முகடு, ராஜகிரியின் உச்சியைச் சீவி எறிந்தாற்போலத் தட்டையாகிவிடும். அப்போது குரல் கரகரக்கும். அந்த நிலைக்குச் சற்று முன்னுள்ளதே அதன் உண்மையான எல்லை.

4. அரை மணி நேரம் ஓடிய பின் வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் நல்ல கருவியும் கெடும். பாட்டரிக்கு மிக அருகிலேயே மின்கம்பியில் ஒரு ஃபியூஸ் இருப்பது தீ விபத்தைத் தடுக்கும்.

இந்திய வழித்தோன்றலான அமர் போஸ் 1956ஆம் ஆண்டு, அமெரிக்காவில் மாணவராயிருந்தபோது, அட்டையில் சிறந்த அளவுகள் கொண்ட ஓர் இசைக் கருவியை வாங்கினார். ஆனால் அதன் ஒலி அவருக்கு மனநிறைவு தரவில்லை. காரணத்தை ஆராயத் தொடங்கிய அவர், 1964இல் தம் பெயரால் ஒரு நிறுவனத்தை நிறுவினார். பின்னாளில் கார்களுக்கென்றே ஒலியமைப்புகளை அந்நிறுவனம் உருவாக்கியது. அளவும் வேண்டும், செவியும் வேண்டும் என்பதற்கு இவர் வாழ்வு ஒரு சான்று.

எவ்வளவு போதும்?

திறனை 50 வாட்டிலிருந்து 100 வாட்டாக இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். செவிக்கு அது சிறு மாற்றமே. இருமடங்கு ஓசையாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு திறன் வேண்டும். 1 வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 10 வாட்டில் 100 டெசிபல் தரும். ஆனால் வாரத்திற்கு 80 டெசிபல் என்றால் 40 மணி நேரமும், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரமுமே செவிக்குப் பாதுகாப்பானவை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காருக்குள் பத்து வாட்டே செவியைக் கெடுக்கப் போதுமானால், ஆயிரம் வாட்டுக்கு ஆசைப்படுவானேன்? செவியில் அழிந்த நுண்மயிர் உயிரணுக்கள் மீண்டும் வளர்வதில்லை.

பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வழி செய்கின்றன. அங்கே பகலில் 50 டெசிபலே வரம்பு. கார்க் கதவைத் திறந்து வைத்துப் பாட்டை அலறவிடுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோழியரே! கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். அடுத்த முறை வீட்டில் தந்தையோ அண்ணனோ வண்டிக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கப் புறப்பட்டால், நாமும் உடன் செல்வோம். ஃபியூஸைப் பார்த்து, ஒரு தாளில் பெருக்கி வகுத்து, விடையைக் காட்டுவோம். வீண் செலவும் குறையும். வீட்டாரின் செவியும் நலமாயிருக்கும்.