ஏசி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஏசியில் எழுதியிருக்கும் 12,000 பி.ரி.யு. என்பது அது இழுக்கும் மின்சாரத்தின் அளவு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு மணித்தியாலத்தில் அறையிலிருந்து வெளியேற்றப்படும் வெப்பத்தின் அளவு. ஓர் இறாத்தல் தண்ணீரை ஒரு பரனைட் பாகை சூடாக்கத் தேவையான வெப்பமே 1 பி.ரி.யு. இலங்கைக் கடைகளில் 9,000, 12,000, 18,000 என்று பேசப்படுபவை தமிழ்நாட்டில் முக்கால் டன், ஒரு டன், ஒன்றரை டன் ஆகின்றன. அந்த டன்னும் இயந்திரத்தின் எடையல்ல. ஐஸ்கட்டியால் குளிரூட்டிய காலத்திலிருந்து வந்த அளவு அது: 907 கிலோ ஐஸ் 24 மணித்தியாலத்தில் உருகும்போது உள்வாங்கும் வெப்பம். மீன்பெட்டிக்கு ஐஸ் போட்டுப் பழகிய, இலங்கையின் கிழக்கிலுள்ள பொத்துவில் கரையில் இது விளங்கச் சிரமமில்லை.

12,000 பி.ரி.யு. ஏசி வெளியேற்றும் வெப்பம் சுமார் 3.5 கிலோவாட், அதற்கு ஏறத்தாழ 1 கிலோவாட் மின்சாரமே போதும். இதில் மாயமில்லை. ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை, உள்ளேயுள்ள வெப்பத்தை வெளியே சுமந்து செல்கிறது. பி.ரி.யு.வை வாட்டால் வகுத்தால் கிடைப்பது ஈ.ஈ.ஆர். 12,000-ஐ 1,000-ஆல் வகுத்தால் 12. இந்த எண் கூடக் கூடக் கரண்ட் பில் குறையும். வாங்குபவர் முதலில் கேட்கவேண்டிய எண் இது. பெரும்பாலும் கேட்காமலே விடும் எண்ணும் இதுதான்.

“பி.ரி.யு. கூடினால் நல்லது” என்பதும் சரியல்ல. அளவுக்கு மீறிய ஏசி காற்றைச் சட்டெனக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை உறிஞ்ச அதற்கு நேரம் கிடைக்காது. கடலோர வீட்டில் அறை குளிர்ந்தும் பிசுபிசுப்புப் போகாததற்கு இது ஒரு காரணம். சதுர அடியை மட்டும் பார்த்துத் தெரிவு செய்வதும் தவறு. அஸ்பெஸ்டஸ் சீட்டின் கீழுள்ள அறையும் மேல்மாடி உள்ள வீட்டின் கீழறையும் ஒரே அளவாக இருந்தாலும் வெப்பம் ஒன்றல்ல.

ஈரம்தான் இந்த இயந்திரத்தின் பிறப்புக் காரணமும். 1902-இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் அமைப்பு, நியூயோர்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்குவதைத் தடுக்கவே அமைந்தது. றிமோட்டிலுள்ள ‘டிரை’ ஈரத்தைக் குறைக்கும் அந்த வேலையை முதன்மையாகச் செய்வது. மின்சாரம் மிச்சம் என்று ஆண்டு முழுவதும் அதிலேயே வைப்பவர்கள் உண்டு. கார்த்திகை, மார்கழி மாரியில் அது பயன்தரும். மத்திய மலைகளில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும் கச்சான் காற்று வறண்டது, சூடானது. அந்த நாட்களில் ‘கூல்’தான் வேண்டும்.

இன்வேட்டர் ஏசி கரண்ட் போனாலும் ஓடும் என்ற எண்ணத்துக்குக் கூரைச் சூரியப் படல்களும் ஒரு காரணமாகலாம். அங்குள்ள இன்வேட்டர் நேரோட்ட மின்னை ஆடலோட்ட மின்னாக மாற்றும் கருவி. ஏசிக்குள் இருப்பது கொம்பிரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பது. மின்சாரம் நின்றால் இதுவும் நிற்கும்.

16 பாகையில் வைத்தால் விரைவில் குளிரும் என்பது பிடிவாதமான நம்பிக்கை. அந்த எண் எங்கே நிற்பது என்பதைச் சொல்கிறது, எவ்வளவு வேகம் என்பதையல்ல. சாதாரண கொம்பிரசருக்கு ஒரே வேகம்தான். அறை நல்ல சூடாக இருக்கையில் இன்வேட்டரும் 24-க்கு வைத்தாலே முழுவேகத்தில்தான் தொடங்கும். இந்தியாவில் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகளுக்கு 2020 முதல் 24 பாகையே தொடக்க அளவு.

“வருடாவருடம் கேஸ் அடிக்கவேண்டும்” என்பது வீட்டுக்காரருக்குத்தான் நட்டம். குளிரூட்டும் வாயு பெற்றோல் போல் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது. கடற்கரையில் வெளிக்கருவியின் தகடுகளையும் குழாய்களையும் உப்புக்காற்று அரிப்பதால், அதை நல்ல தண்ணீரால் அவ்வப்போது கழுவுவது கேஸ் அடிப்பதைவிட மலிவு. கசிவை அடைக்காமல் நிரப்புவது வீண். ஆர்-22-க்கு வடிவமைத்த ஏசியில் ஆர்-32-ஐ ஏற்றுவது ஆபத்தும்கூட. அதன் அழுத்தம் அதிகம், தீப்பற்றவும் கூடும். ஓசோனை அரிக்கும் ஆர்-22 மொன்றியல் உடன்படிக்கையின்படி வளரும் நாடுகளில் 2030-க்குள் பெரும்பாலும் விலக்கப்பட வேண்டியது.

‘ஹொட் அண்ட் கூல்’ ஏசிக்குள் தனி அடுப்பு ஏதும் இல்லை. வாயு ஓடும் திசையைத் திருப்பினால் வெளியிலுள்ள வெப்பம் அறைக்குள் வரும். அதுவே ஹீட் பம்ப். சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது கொடுத்த காசுக்குப் பெறும். பொத்துவிலில் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.