நெடுநாள் நின்ற டிராக்டரைக் கிளப்பும் முறை

மேட்டூர் அணை 1934-ஆம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்டது முதல், காவிரிப் பாசனப் பிரதேசத்தில் குறுவைச் சாகுபடி வேலைகள் அணை திறக்கும் நாளை அனுசரித்தே நடந்து வருகின்றன. நீர் இருப்பு போதுமானதாயுள்ள வருஷங்களில் ஜூன் 12-ஆந் தேதி அணையைத் திறப்பது வழக்கம். தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை முடிந்தபின் கொட்டகையில் விடப்படும் டிராக்டர், பல இடங்களில் வாய்க்காலில் தண்ணீர் கண்ட பிறகே வெளியே எடுக்கப்படுகின்றது. இடையில் மூன்று நான்கு மாத காலம் அது அசையாமல் நின்றுவிடுகின்றது.

அந்நாளில் டிராக்டர் கிளம்பாவிட்டால், உடையவரின் உழவு மட்டுமன்றி, அவரது வண்டியை வாடகைக்கு எதிர்பார்த்திருக்கும் அண்டை நிலக்காரர்களின் உழவும் தடைப்படும். நடவு பிந்தினால் குறுவை அறுவடை ஐப்பசி மழையில் அகப்பட்டுக்கொள்ளும். இதனால் பதறிப்போய்ச் சாவியை மீண்டும் மீண்டும் திருப்பிக்கொண்டிருப்பதே சாதாரணமாக நேரும் பிழை. சிறிது நேரத்தில் பாட்டரி வற்றிப்போகின்றது. ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறுகின்றது. ஆரம்பத்தில் இருந்த ஒரு கோளாறு மூன்றாகின்றது. சாவியைத் தொடுமுன் அரைமணி நேரம் ஒழுங்காகச் சோதிப்பவருக்கு இச்சங்கடம் பெரும்பாலும் இராது.

எஞ்சின் வேலை செய்யும் விதம்

ஜெர்மனி தேசத்து ரூடால்ப் டீசல் என்பவர் 1897-ஆம் வருஷத்தில் வெற்றியுடன் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் வழிவந்ததே இன்றைய டிராக்டர் எஞ்சின். பெட்ரோல் எஞ்சினில் உள்ளதுபோல் இதில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று, தன் கன அளவில் பதினாறில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரை சுருங்குமாறு அழுத்தப்படுகின்றது. அவ்வழுத்தத்தால் காற்றின் சூடு 500 சென்டிகிரேடு டிகிரிக்கும் மேல் ஏறுகின்றது. அச்சூட்டில் டீசல் நுண்ணிய துளிகளாகப் பீச்சப்பட்டவுடன் தானே பற்றிக்கொள்கின்றது.

ஆகவே எஞ்சின் கிளம்புவதற்கு மூன்று விஷயங்கள் போதும். அது வேகமாகச் சுழலவேண்டும்; காற்று தடையின்றி உட்செல்லவேண்டும்; நீரும் காற்றுக் குமிழியும் கலவாத டீசல் பீச்சுகுழலுக்குப் போய்ச் சேரவேண்டும். மெதுவாகச் சுழன்றால், காற்றின் சூடு சிலிண்டர்ச் சுவர்களில் கழிந்து, டீசல் பற்றாது. நெடுநாள் நின்ற வண்டியில் நேரும் கோளாறுகளுள் பெரும்பாலானவை இம்மூன்றில் ஒன்றைச் சார்ந்தவையே.

முதலாவது ஜாக்கிரதை

வண்டியைத் தொடுமுன் கியரை நியூட்ரலில் வைத்து, பின்புறச் சுழல்தண்டின் இணைப்பை விடுவித்து, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தல் வேண்டும். எஞ்சின் புகையில் உயிருக்கு ஆபத்தான கார்பன் மோனாக்ஸைடு வாயு உள்ளது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கொட்டகையின் கதவுகளைத் திறந்து வைத்த பிறகே எஞ்சினை ஓட்டவேண்டும்.

சாவி வேலை செய்யாதபோது, தரையில் நின்றபடியே ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் ஸ்குரூடிரைவரால் இணைத்துக் கிளப்பும் வழக்கம் சிலரிடம் உண்டு. இதை அறவே விலக்கவேண்டும். வண்டி கியரில் இருப்பின், அந்நொடியே முன்னோ பின்னோ பாய்ந்து, அருகில் நிற்பவர்மீது பெருஞ்சக்கரம் ஏறிவிடும். ஆட்கள் உயிரிழப்பதற்கு இவ்வழக்கம் காரணமாயிருக்கின்றது. இருக்கையில் அமர்ந்தல்லாது டிராக்டரைக் கிளப்பலாகாது.

கண்ணாலும் கையாலும் சோதித்தல்

நின்ற வண்டியை எலி தன் வீடாக்கிக்கொள்வது சகஜம். மின்கம்பிகளின் உறையும் ரப்பர்க் குழாய்களும் கடிக்கப்பட்டிருக்கின்றனவா, காற்று வடிகட்டியிலும் புகைக்குழாயிலும் கூடு கட்டப்பட்டிருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். எண்ணெய்த் தொட்டியுள்ள காற்று வடிகட்டியாயின், பழைய எண்ணெயை நீக்கிப் புதிது ஊற்றவேண்டும். ரேடியேட்டரில் நீர் மட்டத்தைச் சரிபார்க்கவேண்டும்.

பின்னர் எஞ்சின் எண்ணெயின் அளவுகோலை உருவிப் பார்க்கவேண்டும். எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறமாயிருந்தால், அதில் நீர் கலந்துள்ளது. மட்டம் குறியைக் காட்டிலும் உயர்ந்திருந்தால், நீரோ டீசலோ உள்ளிறங்கியுள்ளது. இவ்விரு நிலைகளிலும் காரணம் கண்டு எண்ணெயை மாற்றாமல் எஞ்சினைச் சுழற்றலாகாது.

திறந்தவெளியில் நின்ற வண்டியாயின், புகைக்குழாய் வழியே மழைநீர் சிலிண்டருக்குள் இறங்கியிருத்தலும் கூடும். எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்துவைத்து, சாவியை எடுத்துவிட்டு, எஞ்சினின் முன்புறக் கப்பியின் நடுப்போல்ட்டில் ஸ்பானரைப் பொருத்தி, மெல்ல இரண்டு சுற்றுச் சுழற்றிப் பார்க்கவேண்டும். நீரைக் காற்றைப்போல் அழுத்திச் சுருக்க இயலாது. ஆதலால் சுழற்சி ஓரிடத்தில் திடமாக நின்றுவிட்டால், ஸ்டார்ட்டரைக் கொண்டு பலவந்தம் செய்யலாகாது. செய்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துபோகும். அங்கேயே நிறுத்தி, மெக்கானிக்கை அழைத்தல் வேண்டும்.

பாட்டரி

பாட்டரி உபயோகமின்றி இருந்தாலும் தானே சக்தி இழக்கும். கோடைவெப்பத்தில் இவ்விழப்பு இன்னும் விரைவு. 12 வோல்ட் பாட்டரி முழுச்சக்தியுடன் ஓய்விலிருக்கையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் காட்டினால் ஏறக்குறைய பாதிச் சக்தியே உள்ளது. 12 வோல்ட்டுக்குக் கீழிருந்தால், அதைச் சார்ஜ் செய்யாமல் கிளப்ப முயல்வது வீண். விளக்கு எரிகிறதே என்று ஏமாறலாகாது. விளக்குக்கு வேண்டிய மின்சாரம் சொற்பம். ஸ்டார்ட்டருக்கு வேண்டியது அதைப்போல் பல மடங்கு. சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ என்ற ஓசை மாத்திரம் கேட்டு, விளக்கு மங்கினால், கோளாறு பாட்டரியிலோ அதன் இணைப்புகளிலோ உள்ளது.

இணைப்பு முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடி மின்னோட்டத்தைத் தடுக்கும். முதலில் நெகடிவ் கம்பியையும் அடுத்துப் பாசிடிவ் கம்பியையும் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, பாசிடிவ் முதலிலும் நெகடிவ் கடைசியிலுமாக இறுகப் பூட்டி, மேலே வாசலைன் தடவவேண்டும். சோடாநீர் பாட்டரியினுள் இறங்காதபடி மூடிகள் இறுக்கமாக இருத்தல் அவசியம். மூடி திறக்கக்கூடிய பாட்டரியில் தகடுகள் வெளியே தெரிந்தால், காய்ச்சி வடித்த நீரை மாத்திரம் ஊற்றலாம். கிணற்றுநீரும் கூடாது, அமிலமும் கூடாது. சார்ஜ் ஏறுகையில் வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு எளிதில் வெடிக்கும் தன்மையது. பீடி, தீக்குச்சி முதலியவற்றை அருகில் கொண்டுவரலாகாது.

டீசல்

குறைவாக நிரப்பி நிறுத்திய தொட்டியின் வெற்றிடத்திலுள்ள ஈரக்காற்று, இரவின் குளிர்ச்சியில் நீராகத் திரண்டு கீழே தங்கும். டீசலைவிட நீர் கனமானது. நீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, வழவழப்பான பாசிபோன்ற பொருளை உண்டாக்கி, வடிகட்டியை அடைக்கும். எனவே தொட்டியின் அடித்திருகையும் வடிகட்டிக் கிண்ணத்தின் அடித்திருகையும் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சிறிது பிடித்துப் பார்க்கவேண்டும். அடியில் நீர் தனியே பிரிந்து நின்றால், தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிடவேண்டும். வடிகட்டி கறுத்துப் பிசுபிசுத்திருந்தால், அதை மாற்றுவதே முறை.

வடிகட்டியைத் திறந்தபின் குழாய்களில் காற்றுக் குமிழி தங்கும். இதனையே ‘ஏர் பிடித்தல்’ என்பர். தொட்டியின் குழாயைத் திறந்து, வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே வரவேண்டும். முதலில் நுரையும், பின்பு குமிழியற்ற டீசலும் வழியும். வழியும்போதே திருகை இறுக்கிவிட்டு, இன்ஜெக்ஷன் பம்பிலுள்ள திருகிலும் அவ்வாறே செய்யவேண்டும். பம்பிலிருந்து பீச்சுகுழலுக்குச் செல்லும் மெல்லிய குழாய்களில் டீசல் மிகுந்த அழுத்தத்துடன் பாயும். தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். அவற்றில் கசிவு உண்டா என்று கைவிரலால் தடவிப் பார்த்தல் கூடாது.

கிளப்புதல்

நெடுநாள் நின்ற எஞ்சினில், உராயும் பாகங்களிலிருந்து எண்ணெய் கீழே வடிந்துபோயிருக்கும். ஆகையால் எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்துவைத்தபடியே, கிளட்சை மிதித்துப் பத்து நொடி சுழற்றி, எண்ணெயை மேலே பரவச் செய்யவேண்டும். பிறகு கம்பியைத் தள்ளிவிட்டுக் கிளப்பலாம். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் சுழற்றலாகாது. அடுத்த முயற்சிக்கு முன் இரண்டு நிமிஷம் ஆறவிடவேண்டும். நான்கு முயற்சியில் கிளம்பாவிடில் சாவியை விட்டுவிட்டு, புகையைக் கவனிக்கவேண்டும்.

1. புகையே இல்லையெனில், டீசல் சிலிண்டரை அடையவில்லை. நிறுத்தும் கம்பி முற்றிலும் திரும்பியிருக்கின்றதா, ஏர் பிடித்திருக்கின்றதா என்று பார்க்கவேண்டும்.

2. வெண்புகை வந்தால், டீசல் வருகின்றது, ஆனால் பற்றவில்லை. சுழற்சி மந்தமாயிருத்தல், டீசலில் நீர் இருத்தல், அழுத்தம் குறைதல் ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம்.

3. கரும்புகை வந்தால், காற்றுக்குத் தடையிருக்கின்றதா என முதலில் பார்க்கவேண்டும்.

காற்றுக்குழாயில் பெட்ரோலோ ஈதரோ தெளித்துக் கிளப்புவதும், தீக்கந்தலைக் காட்டுவதும் எஞ்சினுக்கும் ஆளுக்கும் கேடு விளைப்பவை. இச்சோதனைகள் யாவும் செய்தும் பயனில்லையெனில், பம்பும் பீச்சுகுழலும் பழுதுற்றிருக்கலாம். அவற்றை வயலோரத்தில் பிரிக்காது, அதற்குரிய தொழிற்சாலையில் காட்டுவதே சிக்கனம்.

எஞ்சின் கிளம்பியவுடன் எண்ணெய் அழுத்தக் காட்டியைப் பார்க்கவேண்டும். சில நொடிகளில் முள் எழாவிட்டாலும், எச்சரிக்கை விளக்கு அணையாவிட்டாலும் உடனே நிறுத்தவேண்டும். சரியாயிருப்பின் ஐந்து நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, பிரேக்கு, கிளட்சு, டயர்க் காற்று இவற்றைப் பார்த்த பின்னரே வயலில் இறக்கவேண்டும்.

மறுமுறை நிறுத்தும்போது

மேற்கூறிய கஷ்டங்களில் பெரும்பகுதி அறுவடை முடிந்த நாளிலேயே தவிர்க்கத்தக்கது. டீசல் தொட்டியை நிரம்ப வைத்தல், பழைய எண்ணெயை மாற்றுதல், பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றி மாதந்தோறும் சார்ஜ் செய்தல், புகைக்குழாயைத் தகரமூடியால் மூடுதல், கிளட்சுத் தகடு ஒட்டிக்கொள்ளாதபடி மிதியை மரத்துண்டால் அழுத்திவைத்தல் ஆகிய ஐந்தும் அரைநாள் வேலையே. புகைக்குழாயை மூடியிருப்பது மறந்துபோகாவண்ணம் ஒரு சீட்டு எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவைத்தல் நலம்.

கிராம அதிகாரிகள் தங்கள் கிராமத்தில் டிராக்டர் வைத்திருப்போரை வைகாசி முதல் வாரத்திலேயே ஒருமுறை எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கும்படி தூண்டுவாராயின், பழுதுற்ற வண்டியைச் சீர்செய்ய மூன்று வார அவகாசம் கிடைக்கும். வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் காணும் கோளாறு பருவத்தைக் கெடுக்கும். முன்னதாகக் காணும் கோளாறு சில ரூபாய்ச் செலவோடு தீரும்.