சு.ரா.வின் வீடு

கேள்வி: நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் வீட்டைப் பற்றி எழுத்தாளர்கள் ஏன் இத்தனை பேசுகிறார்கள்? ஊரில் அதைவிடப் பெரிய வீடுகள் உண்டே!

பதில்: உண்டு. அந்தப் பெரிய வீடுகளில் நம்மை உட்காரச் சொல்வார்களா என்பதுதான் சந்தேகம். கே.பி. சாலையில் இருக்கும் ‘சுந்தர விலாஸ்’ ஒரு ஜவுளிக்கடைக்காரரின் குடும்ப வீடு. ஆனால் அந்த ஜவுளிக்கடைக்காரரே தமிழின் முக்கியமான நாவலாசிரியராகவும் இருந்ததால், வெளியூர்ப் பையன்கள் பஸ் ஏறி வந்து அங்கே மணிக்கணக்கில் பேசினார்கள். ‘காகங்கள்’ என்ற பெயரில் இலக்கியக் கூட்டங்கள் நடந்தன. கட்டுரை வாசிப்பு, பிறகு வாக்குவாதம். 1988இல் ‘காலச்சுவடு’ பத்திரிகையையும் அவர் தொடங்கினார். வந்தவர்களில் சிலர் பின்னாளில் அவரோடு கடுமையாக முரண்பட்டார்கள். நல்ல திண்ணைப் பேச்சு அப்படித்தான் போகும்.

இன்னொன்று: அவருடைய ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ (1998) நாவலைப் படித்துவிட்டு அதில் வரும் வீட்டை நாகர்கோவிலில் தேடாதீர்கள். அது 1930களின் கடைசியில் கோட்டயத்தில் இருந்த ஒரு குடும்பத்தின் கதை. கோட்டயம் அவர் சிறுவயதில் வாழ்ந்த ஊர். நாகர்கோவிலின் கடைத்தெருவும் நாற்சந்தியும் வேண்டுமென்றால் 1966இல் வந்த ‘ஒரு புளியமரத்தின் கதை’யைப் படியுங்கள். மரத்தைத் தேடி மட்டும் அலைய வேண்டாம். அது நாவலிலேயே பட்டுப்போய்விடுகிறது.