கடுப்புக்கு அடியில் என்ன?

காலாண்டுத் தேர்வுக் கணித விடைத்தாளைக் கொடுத்த மறு நிமிடம் அதை நான்காகக் கிழித்துப் போட்டான் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். "எதுக்குடா கிழிச்ச?" என்று எல்லார் முன்பும் நிறுத்திக் கேட்டேன். "கடுப்பா இருக்கு மிஸ்" என்றான். அதே கேள்வியை இன்னும் உரக்கக் கேட்டேன். பெஞ்சை உதைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மாலையில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். "சாப்டியாப்பா?" என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் கழித்து அவனாகவே சொன்னான். இந்த முறையும் தேர்ச்சி பெறாவிட்டால் மாமாவுடன் பெயிண்ட் வேலைக்கு அனுப்பிவிடுவோம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. நான் கோபம் என்று நினைத்துத் தண்டிக்கப் பார்த்தது, பயம்.

பி.எட். படிக்கும்போது 'மனவெழுச்சி முதிர்ச்சி' என்ற தலைப்பைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள் நான். வகுப்பறையில் அது கிழிந்த தாளாக வந்தபோது அடையாளம் தெரியவில்லை. உணர்ச்சி வேகத்தை நிறுத்தி யோசிக்க வைக்கும் மூளையின் நெற்றிப்பகுதி முழு வளர்ச்சி அடைய இருபத்தைந்து வயது வரை ஆகிறது. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அதை நாம் இன்றே எதிர்பார்க்கிறோம். வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வு அழுகையாக அல்லாமல் எரிச்சலாகவும் வெளிப்படும் என்பதும் நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

அந்த மாணவனையாவது கவனித்துவிட்டேன். தவறவிட்டது வேறொரு மாணவியை. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளேன்.) யார் என்ன சொன்னாலும் சிரிப்பாள், எதிர்த்துப் பேசமாட்டாள். 'பொறுமைசாலி' என்று பெற்றோர் கூட்டத்தில் நானே பாராட்டியிருக்கிறேன். தேர்வு நாள்களில் வயிற்றுவலி என்பாள். ஓய்வறையில் படுக்க வைப்போம். மதியச் சாப்பாட்டைத் தோழிகளுக்குக் கொடுத்துவிடுவாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. தொடர்ந்து எட்டு நாள் வராதபோது வீட்டுக்குப் போனோம். "ஒரு மாசமாவே இப்படித்தான் டீச்சர், சுவரப் பாத்தே படுத்திருக்கா" என்றார் அவள் அம்மா. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டினார்கள். மனச்சோர்வு என்று சொல்லிச் சிகிச்சை தொடங்கினார்கள்.

தாளைக் கிழித்தவனுக்கும் சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கும் இருந்தது ஒரே சிக்கல்தான்: வந்த உணர்ச்சியை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவன் வெளியே கொட்டினான், அவள் உள்ளே புதைத்தாள். உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்குவோருக்கு வெளித்தோற்றம்தான் மாறுகிறது, உள்ளே வேதனை குறைவதில்லை என்று கண்டார். நடந்ததை வேறு கோணத்தில் எண்ணிப் பார்ப்பவர்களுக்கே வேதனை குறைந்தது. "அழாதே", "அடக்கு" என்று நாம் கற்பிப்பது முதல் வகையை.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 11 முதல் 14 வயது வரையிலான 1,065 மாணவர்களை ஏழு மாத இடைவெளியில் இருமுறை ஆராய்ந்த முடிவு 2011இல் வெளியானது. உணர்ச்சிகளைக் கையாளச் சிரமப்பட்டவர்களிடம் பின்னர் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியிருந்தன. மனச்சோர்வைப் பொறுத்தவரை அந்த ஆய்வில் இவ்வளவு நேரான தொடர்பு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த ஆய்வாளர்களுள் ஒருவரான சூசன் நோலன் ஹோக்சிமா, நடந்ததையே மனத்தில் அசைபோட்டுக்கொண்டிருக்கும் பழக்கம் மனச்சோர்வுக்கு இட்டுச் செல்வதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியவர். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பிள்ளை என் நினைவுக்கு வந்தாள்.

எங்கள் தமிழாசிரியரிடம் இதைப் பேசியபோது, "தொல்காப்பியத்தில் மெய்ப்பாடு எட்டு, நம்ம பசங்களுக்கு எட்டுக்கும் சேர்த்து 'கடுப்பு' ஒன்னுதான்" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான், எனக்கு வழி கிடைத்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கினோம். 'கடுப்பு' என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் அந்த வாரம் மனத்தில் இருந்ததை ஒரு சொல்லில் எழுத வேண்டும். பெயர் எழுதத் தேவையில்லை, யாரும் வாசித்துக் காட்டவும் கூடாது. முதல் வாரம் பாதிப் பேர் வெற்றுத்தாள் கொடுத்தார்கள். பிறகு ஏமாற்றம், கூச்சம், அவமானம், தவிப்பு என்று வரத் தொடங்கின. ஒருவர் 'பாரம்' என்று எழுதியிருந்தார். தொடக்க வகுப்புகளில் இதையே முகம் வரைந்து செய்யலாம்.

கொந்தளிப்பில் இருக்கும் பிள்ளையை விசாரிப்பதை நான் நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்து வரச் சொல்வேன். பேச்சு பிறகு, தனியாக. "ஏன் செய்தாய்?" என்பதைவிட "என்ன ஆச்சு?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. இது எப்போதும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். நாற்பது பேர் வகுப்பில், பாடம் முடிக்க வேண்டிய அவசரத்தில், நானும் இன்னும் கத்திவிடுகிறேன்.

நோயின் பெயரைச் சொல்வது நம் வேலையன்று. சோர்வு, எரிச்சல், தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, விளையாட்டிலும் நண்பர்களிடமும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பெற்றோரை அழைத்துப் பேசி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே பேச வேண்டும், பிள்ளையைத் தனியே விடக்கூடாது.

14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே, எந்நேரமும் இலவச ஆலோசனை கிடைக்கும். எங்கள் பள்ளியில் அந்த எண் தலைமையாசிரியர் அறைக்குள் ஒட்டப்பட்டிருந்தது. அங்கே எந்த மாணவர் போய்ப் பார்ப்பார்? இப்போது குடிநீர்க் குழாய்க்கு மேலே, மாணவர் கண்மட்டத்தில் பெயிண்டால் எழுதியிருக்கிறோம். எழுதித் தந்தது விடைத்தாளைக் கிழித்தவன். மாமாவிடம் விடுமுறையில் கற்றுக்கொண்டானாம்.