கொடுக்க மனம் வராத நூல்கள்

திருவனந்தபுரத்தில், தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஒரு சந்தின் கோடியில் பழைய ஓட்டு வீடு ஒன்றில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வசித்து வந்தார். நாகர்கோவிலைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர், அகவை 78. தம்பானூர் தாழ்வான பகுதி. பெருமழை பெய்தால் தெருவில் நீர் தேங்கும். சில ஆண்டுகளில் வாசற்படியையும் தாண்டும். அத்தகைய மழை ஒன்றில் அவருடைய புத்தக அலமாரிகளின் அடித்தட்டுகள் நனைந்துவிட்டன. நீர் வடிந்தபின் பார்த்தால், நூல்கள் ஊதிப் பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரிக்க முயன்றால் கிழிந்தன.

அதன் பிறகே, மேட்டுப் பகுதியில் இரண்டு அறைகள் கொண்ட அடுக்ககத்திற்குக் குடிபெயர அவரும் அவருடைய துணைவியாரும் முடிவு செய்தனர். பழைய வீட்டில் ஆறு அலமாரிகள், ஏறத்தாழ 1,100 நூல்கள். புதிய இல்லத்தில் ஓர் அலமாரிக்கு மட்டுமே இடம்.

"ஸ்வாமிஜி, ஒரு நாள் வந்து உதவ வேண்டும். எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை" என்று தொலைபேசியில் அழைத்தார். நான் சென்றபோது, இரண்டு வார முயற்சியின் பலனாகக் கதவருகே பதினொரு நூல்கள் இருந்தன. அவற்றுள் மூன்று, காலாவதியான ரயில்வே கால அட்டவணைகள்!

"மற்றவற்றையாவது ஒருவாறு பிரித்துவிடலாம். இந்த நாற்பதைத்தான் என்னால் தொட முடியவில்லை" என்று ஒரு தட்டைக் காட்டினார். அன்னையார் நாள்தோறும் பாராயணம் செய்த ராமாயணம்; முதல் சம்பளத்தில் வாங்கிய அகராதி; காலஞ்சென்ற நண்பர் கையொப்பமிட்டுத் தந்த கவிதைத் தொகுதி; மாணவர்களின் பிரிவுபசாரப் பரிசுகள். ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு கதை சொல்லி, அதே இடத்தில் வைத்தார்.

இது ஒருவருடைய வீட்டுச் செய்தி மட்டுமன்று. படிக்கும் பழக்கமுள்ள அன்பர்கள் அனைவரும் என்றேனும் சந்திக்க வேண்டிய சோதனை இது. பொன்னையும் பொருளையும் பற்று என்று எளிதில் இனங்கண்டுகொள்கிறோம். நூலின் மீதுள்ள பற்றோ ஞானத்தின் ஆடையை உடுத்திக்கொண்டு வருகிறது. ஆகவே அதைச் சற்று ஆராய்வோம்.

சாஸ்திர வாசனை

பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த வித்யாரண்யர் தமது 'ஜீவன்முக்தி விவேகம்' என்னும் நூலில், மனத்தில் ஆழப் படிந்துவிட்ட பழக்கங்களாகிய வாசனைகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். உலகோர் மெச்ச வேண்டும் என்னும் வாசனை, உடலைப் பற்றிய வாசனை ஆகியவற்றோடு சாஸ்திர வாசனையையும் அவர் தளைகளின் வரிசையில் சேர்க்கிறார். வித்யாரண்யர் நூல்களின் பகைவர் அல்லர். தாமே அரிய நூல்களை இயற்றியவர். அவருடைய எச்சரிக்கைக்கு அதனாலேயே வலிமை மிகுதி.

அவர் எடுத்துக்காட்டும் கதைகளுள் ஒன்று துர்வாச முனிவரைப் பற்றியது. மகாதேவரை வணங்குவதற்காகத் துர்வாசர் பெரும் நூற்சுமையுடன் சபைக்கு வந்தார். அங்கிருந்த நாரதர், அவரைச் சுமை தூக்கும் கழுதைக்கு ஒப்பிட்டார். வெகுண்ட துர்வாசர் நூல்கள் அனைத்தையும் உப்புக்கடலில் எறிந்துவிட்டார். பின்னரே மகாதேவர் அவரை ஆத்ம வித்யையில் ஈடுபடுத்தினார்.

கடலில் எறிவது நமக்கு விதிக்கப்பட்ட வழியன்று. கதையின் குறிப்பு வேறு: எது நம்மைத் தாங்க வேண்டுமோ, அதை நாம் தாங்கத் தொடங்கிவிட்டால் அது சுமை. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இல்லத்து நூல்களை மூவகையாகப் பிரித்துப் பார்ப்போம்.

இன்னும் படிக்காதவை

"என்றாவது படிப்போம்" என்று வாங்கி வைத்தவை முதல் வகை. பேராசிரியரின் அலமாரிகளில் இவையே பாதிக்கு மேல். தைத்திரீய பிராமணத்தில் பரத்வாஜரின் வரலாறு வருகிறது. மூன்று ஆயுட்காலம் முழுவதும் வேதம் ஓதிய அவர் முதுமையுற்றுக் கிடந்தபோது இந்திரன் தோன்றி, நான்காவது ஆயுளைத் தந்தால் என்ன செய்வாய் என்று வினவினான். அப்போதும் ஓதவே விரும்புவதாக அவர் கூறினார். இந்திரன் மலை போன்ற மூன்று குவியல்களைக் காட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கைப்பிடி அள்ளினான். அவர் கற்றது அந்தக் கைப்பிடி அளவே. வேதங்களோ முடிவற்றவை என்று உணர்த்தினான்.

பரத்வாஜருக்கே மூன்று ஆயுள் போதவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது ஒன்று. 78 வயதில் எத்தனை நூல்களை இனிப் படிக்க இயலும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது அவநம்பிக்கை ஆகாது, அது விவேகம். மாதம் இரண்டு என்றாலும் ஐந்து ஆண்டுகளில் 120 நூல்கள். இந்தக் கணக்கைச் சொன்னபோது பேராசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் மிகுந்தவை வேறு யாரோ படிக்க வேண்டியவை, நான் தடுத்து வைத்திருக்கிறேன்" என்றார்.

படித்து முடித்தவை

இரண்டாம் வகைக்கு அமிர்தபிந்து உபநிஷதம் வழி காட்டுகிறது. தானியத்தை விரும்புபவன் அதை எடுத்துக்கொண்டபின் வைக்கோலை விடுவதுபோல, அறிவுடையவன் நூல்களைப் பயின்று சாரத்தைக் கொண்டபின் அவற்றை விட்டுவிடுவான் என்பது அதன் கருத்து.

ஸ்ரீராமகிருஷ்ணர் இதையே ஒரு கடிதத்தின் கதையாகக் கூறுவார். ஊரிலிருந்து வந்த கடிதம் காணாமற்போகிறது. எல்லோரும் தேடிக் கண்டெடுத்துப் படிக்கிறார்கள். இனிப்பும் துணியும் வாங்கி அனுப்பும்படி அதில் எழுதியிருக்கிறது. செய்தி தெரிந்துவிட்டது, இனிக் கடிதம் எதற்கு? செய்ய வேண்டியது, பொருள்களை வாங்குவது மட்டுமே.

இங்கே ஒரு நேர்மையான கேள்வி எழ வேண்டும்: தானியத்தை உண்மையில் எடுத்துக்கொண்டோமா? எடுக்காதவன் வைக்கோலை விடுவது தியாகம் ஆகாது, அது சோம்பல். மீண்டும் மீண்டும் சென்று தானியம் பெறும் நூல்கள் எவையோ அவை நம்முடன் இருக்கட்டும். பரிவ்ராஜகராகப் பாரதம் முழுவதும் சுற்றிய நாட்களில் சுவாமி விவேகானந்தர் தம்முடன் வைத்திருந்தவை பகவத் கீதையும், இயேசு கிறிஸ்துவைப் பின்பற்றுவது பற்றிய ஒரு நூலுமே. 1892 டிசம்பரில் திருவனந்தபுரம் வந்து பேராசிரியர் சுந்தரராம ஐயரின் இல்லத்தில் தங்கியபோது, அறிஞர்களோடு பல துறைகளில் உரையாடினார். அந்த அறிவு அவர் நூல் மூட்டையில் வந்ததன்று.

நினைவுகள் படிந்தவை

மூன்றாம் வகையே கடினம். அன்னையின் ராமாயணத்தைப் பேராசிரியர் படிப்பதில்லை; அதன் எழுத்து அவருடைய கண்ணுக்கு இப்போது எட்டாது. ஆயினும் அதைத் தொட்டால் அன்னையின் குரல் கேட்கிறது. இங்கே வைக்கோல் உவமை பயன்படாது.

வேதாந்தத்தில் 'அத்யாசம்' என்றொரு சொல் உண்டு. ஒன்றின் தன்மையை மற்றொன்றின் மீது ஏற்றிக் காண்பது அது. அன்னையின் நினைவு நம் மனத்தில் இருக்கிறது. அதைத் தாளின் மீது ஏற்றிக் காண்கிறோம். பிறகு தாள் போனால் அன்னையும் போய்விடுவாள் என்று அஞ்சுகிறோம். கண்ணை மூடி, நூலைத் தொடாமலே அவளை நினைத்துப் பாருங்கள். குரல் கேட்கிறதா? கேட்குமாயின், அது எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

இதனால் நினைவுப் பொருள் எதுவும் கூடாது என்று பொருளில்லை. நம் மரபு மனித மனத்தை அறியும். அருவத்தை நினைக்க உருவம் ஒன்றைத் துணைகொள்ளலாம் என்று பிரதீக உபாசனையை அது அனுமதிக்கிறது. ஆனால் ஒரு சாளக்கிராமம் போதும். அறை நிறையச் சாளக்கிராமம் சேர்த்தால் அங்கே பூசை நடவாது. அன்னைக்கு ஒரு நூல், ஆசிரியருக்கு ஒரு நூல், நண்பருக்கு ஒரு நூல் என்று வைத்துக்கொள்ளலாம். நாற்பது நூல்களைக் காவல் காத்துக்கொண்டு, ஒன்றையும் திறவாதிருப்பது அவர்களைப் போற்றுவதாகாது.

சரஸ்வதி பயணம் செய்கிறாள்

"நூல் என்றால் சரஸ்வதி அல்லவா? வீட்டை விட்டு அனுப்பலாமா?" என்று பேராசிரியரின் துணைவியார் கேட்டார். அவருக்குத் தெரிந்த செய்தி ஒன்றையே நினைவூட்டினேன். பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி, கம்பர் வழிபட்ட திருவுருவம் என்று போற்றப்படுபவள். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அவள் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு எழுந்தருள்கிறாள். தேவியே ஓரிடத்தில் தங்கியிராமல் பயணம் செய்கிறாள். அவளுடைய ஏடுகள் பயணம் செய்வதில் என்ன குற்றம்?

அதே பத்மநாபபுரத்தின் அருகில், மணலிக்கரை மடத்தில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாமகோபாத்தியாய டி. கணபதி சாஸ்திரி ஒரு பனையோலைச் சுவடிக்கட்டைக் கண்டெடுத்தார். அதிலும் பின்னர்க் கிடைத்த ஏடுகளிலும் இருந்த 13 நாடகங்களை, பாஸனுடையவை என்று அறிவித்து, 1912 முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல் வரிசையில் வெளியிட்டார். ஆசிரியர் யார் என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் ஒரு மடத்துப் பரணில் கிடந்தது உலகின் மேடைகளுக்கு வந்ததற்குக் காரணம், அந்தக் கட்டு அவிழ்க்கப்பட்டதே.

கேரளத்தின் நூலக இயக்கமும் இதையே கற்பிக்கிறது. நீலம்பேரூரில் பிறந்த பள்ளி ஆசிரியரான பி. என். பணிக்கர், 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுகூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கினார். அது பின்னர் கேரளம் முழுவதும் ஆயிரக்கணக்கான நூலகங்களாகப் பரவியது. அவர் மறைந்த ஜூன் 19, கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தமிழகத்தில் மறைமலையடிகள் தாம் அரும்பாடுபட்டுச் சேர்த்த ஏறத்தாழ 4,000 நூல்களைத் தமிழ் மக்களுக்கே உரியனவாக உயில் எழுதி வைத்தார். 1950-இல் அவர் மறைந்தபின், 1958-இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் எழுந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு, 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994 முதல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாகப் பயன்படுகிறது. சேர்த்தவரின் அன்பு, பிறர் கையில் அந்நூல்கள் திறக்கப்படும்போதுதான் நிறைவு பெறுகிறது.

செய்முறை

பேராசிரியரின் இல்லத்தில் ஐந்து மாலைகளில் நாங்கள் பின்பற்றிய முறையைக் கூறுகிறேன். முதலில், நினைவு நூல்களைத் தொடவேயில்லை. எளியவற்றில் தொடங்கினால் மனம் பழகும். காலாவதியான பாடநூல்கள், கையேடுகள், இரட்டைப் பிரதிகள் முதல் மாலையில் பிரிந்தன.

இரண்டாவதாக, பூஞ்சை பிடித்தவற்றையும் கறையானும் இராமபாணப் பூச்சியும் அரித்தவற்றையும் தனியே எடுத்தோம். இவற்றை நூலகத்திற்குக் கொடுப்பது தானமன்று. நம் சுமையை இன்னொருவர் தலையில் வைப்பது. நல்ல நூல்களுக்கும் அந்தப் பூச்சி பரவும். வணங்கிவிட்டுப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்புவதில் பாவமில்லை. ஆனால் ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி, மிகப் பழைய பதிப்பு ஆகியவை எந்நிலையில் இருந்தாலும், அறிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் கழிக்கலாகாது.

மூன்றாவதாக, பெறுபவரை முதலில் தேடினோம். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் ஒன்று, எந்த நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பதைக் குறிக்கும். அந்த வாசகரைக் கேட்டறிந்து கொடுப்பதே வித்யா தானம். மலையாள நூல்கள் ஒரு கிராம நூலகத்திற்கும், தமிழ் நூல்கள் கன்னியாகுமரி மாவட்டப் பள்ளி ஒன்றிற்கும், துறை நூல்கள் இளம் ஆய்வாளர் இருவருக்கும் சென்றன.

ஐந்தாம் மாலையில்தான் அந்த நாற்பதை எடுத்தோம். ஒவ்வொன்றின் கதையையும் பேராசிரியர் சொல்ல, அவருடைய பேத்தி ஒரு குறிப்பேட்டில் எழுதினாள். எழுதி முடித்தபின் சில நூல்கள் எளிதாகக் கைவிட்டுச் சென்றன; அவர் காத்தது கதையையே என்பது தெரிந்தது. ராமாயணத்தையும் இன்னும் ஐந்து நூல்களையும் வைத்துக்கொண்டார். முதல் சம்பளத்தில் வாங்கிய அகராதியைப் பேத்தியிடமே கொடுத்தார்.

என் அலமாரி

அன்று புறப்படும்போது அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஸ்வாமிஜி, தங்களிடம் இப்படி ஒன்றும் இல்லையா?"

இருந்தது. முதுகலையில் தத்துவம் பயின்றபோது என் தந்தையார் வாங்கித் தந்த, ஹிரியண்ணாவின் இந்தியத் தத்துவ அறிமுக நூல். முதல் பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் என் பூர்வாசிரமப் பெயர். வீட்டையும் பெயரையும் விட்டு வந்தவன், அந்தப் பக்கத்தை விடவில்லை. படிப்பதற்கு மடத்து நூலகத்தில் வேறு பிரதி உண்டு. இதை நான் பல ஆண்டுகள் திறந்ததில்லை. பிறருக்கு அத்யாசத்தை விளக்கிவிட்டு மடம் திரும்பியவன், அன்றிரவு அந்த நூலை எடுத்து, மீண்டும் அதே இடத்தில் வைத்தேன். உண்மையைச் சொல்வதே முறை.

இரண்டு மாதங்களுக்குப் பின், தத்துவம் பயிலும் ஏழை மாணவர் ஒருவர் அந்நூலைக் கேட்டு வந்தார். கொடுத்தேன். முதல் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் எண்ணம் வந்தது, கிழிக்கவில்லை. எனக்குள் ஒரு விடுதலை பொங்கியது என்று எழுத மாட்டேன். சில நாட்கள் கை அந்தத் தட்டிற்குச் சென்று திரும்பியது. ஆனால் தந்தையாரை நினைக்காத நாளில்லை. முன்னைவிடத் தெளிவாகவே நினைக்கிறேன். அந்த மாணவர் தேர்வுக்கு முன் ஒரு சந்தேகம் கேட்க வந்தபோது, நூலின் ஓரங்களில் புதிய பென்சில் குறிப்புகள் இருந்தன.

இம்மாதச் சிந்தனைக்கு

ஒன்று: கடந்த ஓராண்டில் நான் திறந்த நூல்கள் எத்தனை? எனக்கு உரியவை என்று நான் சொல்லும் நூல்கள் எத்தனை?

இரண்டு: நான் கொடுக்க அஞ்சும் நூலில் உண்மையில் எதைக் காக்கிறேன்? பொருளையா, நினைவையா, அல்லது 'நான் படித்தவன்' என்னும் எண்ணத்தையா?

மூன்று: நான் இருக்கும்போதே, என் கையாலேயே, எந்த ஒரு நூலை எவருக்குக் கொடுக்கலாம்?

மழைநீரும் காலமும் நம்மைக் கேளாமல் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் நாமே மனமுவந்து கொடுப்போமாக. இந்த மாதம் ஒரே ஒரு நூல் போதும். எளிதான ஒன்றிலிருந்தே தொடங்குவோம்.