அயல்நாட்டில் கடன் அட்டையும் ரொக்கப் பணமும்

வணிகவியல் பயிலும் மாணவர்களாகிய நாம் தனி வட்டியையும் கூட்டு வட்டியையும் வகுப்பறையிலே கணக்கிட்டுப் பழகியவர்கள். "அ என்பவர் ஆ என்பவரிடம் ஆயிரம் ரூபாய் கடன் பெற்றார்" என்று தொடங்கும் அக்கணக்குகளில் அ யார், ஆ யார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. 2024ஆம் ஆண்டில் அந்த 'அ' என் பெரியப்பா மகனாக வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு அந்தக் கேள்வி பிறந்தது.

எங்கள் ஊர் பொத்தேரி. அண்ணன் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு மோட்டார் உறுப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஆறு வாரப் பயிற்சிக்காக அவரைத் தாய்லாந்தின் ரயோங் மாகாணத்துக்கு அனுப்பினார்கள். மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்த கீழைக் கடற்கரைப் பகுதி அது. செலவுக்குப் பணம் ஊர் திரும்பியபின் ரசீது கொடுத்துப் பெற வேண்டும் என்பது ஏற்பாடு. தங்கும் அறைக்கு முன்பணத்தை ரொக்கமாகக் கேட்டார்கள். கையில் இருந்தது கிரெடிட் கார்டு என்று நாம் வழங்கும் கடன் அட்டை. அதை ஏ.டி.எம். இயந்திரத்தில் செருகிப் பத்தாயிரம் பாட் எடுத்தார். அதன்பின் வாரத்துக்கு இரண்டாயிரம் பாட் வீதம் ஐந்து முறை எடுத்தார். ஆக இருபதாயிரம் பாட். பாட் ஒன்றுக்கு ரூ. 2.40 என்று வைத்துக்கொண்டால் 48,000 ரூபாய்.

ஊர் திரும்பிப் பார்த்தால் வங்கியின் கணக்கு அறிக்கையில் ஏறக்குறைய 59,000 ரூபாய் கட்டச் சொல்லியிருந்தது.

"தம்பி, இது பகல் கொள்ளை. நீ காமர்ஸ் படிக்கிறவன். ஒரு புகார் எழுதிக் கொடு" என்றார் அண்ணன். குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கென்று அண்ணி எடுத்து வைத்திருந்த தொகைக்கு ஆபத்து வந்துவிட்டதால் வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அறிக்கையை வாங்கிக்கொண்டு மறுநாள் மின்சார ரயிலில் ஏறினேன். பொத்தேரியில் தொடங்கிய கணக்கு, காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் எல்லாம் கடந்து பரனூர் வரும்போதுதான் நேரானது. வங்கி தவறு ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் அட்டையோடு வந்த நிபந்தனைத் தாளில் பொடி எழுத்தில் உள்ளவையே. நானும் அதுநாள்வரை படித்ததில்லை. யாரும் படிப்பதாகத் தெரியவில்லை.

அயலூரில் பணம் பெறும் வழி தமிழருக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்ற நகரத்தார் உண்டியல் எழுதி ஓர் ஊரில் கொடுத்த பணத்தை வேறோர் ஊரில் பெற்றனர். உண்டியலில் கண்டவுடன் பணம் கொடுக்க வேண்டியது ஒரு வகை. குறித்த தவணை கழித்துக் கொடுக்க வேண்டியது மற்றொரு வகை. கடன் அட்டைக்கும் இத்தகைய இரண்டு முகங்கள் உண்டு. கடையில் பொருள் வாங்க நீட்டும்போது அது தவணை தருகிறது. பழைய பாக்கி இல்லாதவர் குறித்த நாளுக்குள் முழுத்தொகையையும் கட்டிவிட்டால் வட்டியே இல்லை. அதே அட்டையை ரொக்கம் எடுக்க இயந்திரத்தில் செருகினால் தவணை என்ற பேச்சே கிடையாது. நோட்டு கைக்கு வந்த அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. அண்ணன் இதை அறிந்திருக்கவில்லை. "கட்ட வேண்டிய தேதி அடுத்த மாதம்தானே" என்று நிம்மதியாக இருந்துவிட்டார்.

அண்ணனின் அட்டைக்கு வட்டி மாதம் மூன்றரை சதவிகிதம். நம் கிராமத்து வழக்கில் சொன்னால் நூற்றுக்கு மூன்றரை வட்டி. ஆண்டுக்கு 42. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்பவற்றை ஒடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்தது. ஆனால் மூன்றரை வட்டி என்று ஊரில் ஒருவர் சொன்னால் முகம் சுளிக்கும் நாம், அதையே வழவழப்பான தாளில் ஒரு வங்கி அச்சிட்டுத் தந்தால் கையெழுத்திட்டு விடுகிறோம். கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20ஆம் நாள் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது.

இனி, நான் ரயிலில் போட்ட கணக்குக்கு வருவோம்.

முதல் தடவை எடுத்தது பத்தாயிரம் பாட். அந்நாட்டு இயந்திரம் அயல்நாட்டு அட்டைக்கென்று 220 பாட் கட்டணம் பிடித்தது. ஆகக் கணக்கில் ஏறியது 10,220 பாட், அதாவது 24,528 ரூபாய். இதன்மேல் நம் வங்கி ரொக்கக் கட்டணமாக நூற்றுக்கு இரண்டரை வீதம் ரூ. 613 போட்டது. அயல்நாட்டு நாணயம் என்பதால் நூற்றுக்கு மூன்றரை வீதம் ரூ. 858. இந்த இரண்டு கட்டணத்தின் மேலும் 18 சதவிகித ஜி.எஸ்.டி. வரி ரூ. 265. (எங்கள் ஊரில் ஜி.எஸ்.டி. என்றால் முதலில் சாலை. வரி பிறகுதான் வந்தது.) இயந்திரக் கட்டணம் ரூ. 528ஐயும் சேர்த்தால் 24,000 ரூபாய்ப் பணத்துக்குச் செலவு ரூ. 2,264. இதில் ஒரு ரூபாய்கூட வட்டி அன்று!

வட்டி எவ்வளவு? 24,528 ரூபாய்க்கு 42 சதவிகிதம் என்றால் நாள் ஒன்றுக்கு ரூ. 28, வட்டிக்கும் வரி உண்டு என்பதால் ரூ. 33. அதாவது, இயந்திரத்தின் முன் நின்ற ஒரு நிமிடத்தில் அண்ணன் கொடுத்தது ஏறத்தாழ அறுபத்தெட்டு நாள் வட்டிக்குச் சமம். நண்பர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டுகிறேன். எல்லாரும் வட்டிக்கு அஞ்சுகிறோம். வட்டியாவது நாளாக ஆகத்தான் வளர்கிறது. கட்டணமோ வளர்ந்தே பிறக்கிறது.

அண்ணன் செய்த பிழை இங்கேதான் இருக்கிறது. வட்டியைக் குறைக்க எண்ணித்தான் அவர் பிற்பாடு வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். "தேவைப்படும்போது எடுத்தால் அத்தனை நாள் வட்டி மிச்சம்தானே, தம்பி?" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ரொக்கக் கட்டணம் நூற்றுக்கு இரண்டரை என்றாலும் குறைந்தது 500 ரூபாய் என்று நிபந்தனை. இரண்டாயிரம் பாட் எடுத்தபோது இரண்டரை வீதப்படி வர வேண்டியது ரூ. 133, பிடித்தது 500. இயந்திரக் கட்டணம் ஒவ்வொரு முறையும் அதே 220 பாட். எல்லாம் கூட்டினால் 4,800 ரூபாய்ப் பணத்துக்கு ரூ. 1,338 செலவு. ஐந்து தடவைக்கு ரூ. 6,690. அதே பத்தாயிரம் பாட்டை ஒரே தடவையில் எடுத்திருந்தால், முன்னே கண்டபடி ரூ. 2,264தான். வாரவாரம் பிரித்து எடுத்ததால் மிஞ்சிய வட்டி 500 ரூபாய்க்கும் குறைவு. அதற்குக் கொடுத்த விலை 4,400 ரூபாய்க்கும் மேல்.

இதைக் கேட்டு அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. சிக்கனக்காரர் அவர். சிக்கனம் அவரைக் கடித்தது என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றும் அவர் சொன்னார். ஒருமுறை இயந்திரத்தின் திரை, "ரூபாயில் கணக்கிடட்டுமா, பாட்டில் கணக்கிடட்டுமா?" என்று கேட்டதாம். நம் நாட்டு நாணயம் என்ற பாசத்தில் ரூபாயைத் தொட்டிருக்கிறார். அப்படித் தொட்டால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்துக்கு உரியவர்கள் தங்களுக்கு ஆதாயமாக வைத்துக்கொள்வார்கள். சில இந்திய வங்கிகள் அவ்வாறு ரூபாயில் நடந்த அயல்நாட்டுக் கணக்குக்கும் தனியே கட்டணம் விதிக்கின்றன. அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுப்பது நலம். (நான் மேலே காட்டிய கணக்கில் இதைச் சேர்க்கவில்லை.)

சரி, எடுத்தாயிற்று, வட்டியைக் குறைப்பது எப்படி? எடுத்த அன்றிரவே, கணக்கு அறிக்கைக்குக் காத்திராமல், சேமிப்புக் கணக்கிலிருந்து அட்டைக்குப் பணத்தைச் செலுத்திவிடலாம். கைப்பேசி இருந்தால் ரயோங்கிலிருந்தும் இதைச் செய்ய முடியும். ஆனால் வங்கி அனுப்பும் கடவு எண் இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த எண் அயல்நாட்டில் உயிரோடிருக்கும்படி புறப்படும் முன்பே ஏற்பாடு வேண்டும். எடுத்த தொகையை மட்டுமன்றிக் கட்டணங்களையும் வரியையும் சேர்த்தே கட்ட வேண்டும். அட்டையில் பழைய பாக்கி இருந்தால், நாம் கட்டுவது எதில் முதலில் கழியும் என்பது வங்கியின் விதிப்படி நடக்கும். ஆகையால் பாக்கியுள்ள அட்டையால் ரொக்கம் எடுப்பதைத் தவிர்க்கலாம். முன்கூட்டியே பணம் கட்டி வைத்துவிட்டு எடுப்போரும் உண்டு. வட்டி அதனால் குறையலாம். ரொக்கக் கட்டணம் அப்போதும் விலகாது.

வங்கிக் கணக்கில் பணம் இருப்பவருக்கு டெபிட் கார்டே மேல். அதற்கும் நாணய மாற்றுக் கட்டணமும் இயந்திரக் கட்டணமும் உண்டு, வட்டி கிடையாது. இவை தவிர, புறப்படும் முன்பே அயல்நாட்டு நாணயத்தை ஏற்றிக்கொள்ளும் முன்பண அட்டை இருக்கிறது. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புவரை நோட்டுகளாகவே வாங்கிச் செல்லவும் விதி இடம் தருகிறது. அண்ணனுக்கு வேண்டியிருந்தது அதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

நான் பயந்தது வேறொன்றுக்கு. அறிக்கையின் மேலே முழுத்தொகைக்குப் பக்கத்தில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஏறத்தாழ 2,950 ரூபாய் போட்டிருந்தது. "இப்போதைக்கு இதைக் கட்டிவிட்டு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அண்ணன். 59,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி ரூ. 2,065, வரியோடு ரூ. 2,437. ஆக அவர் கட்டும் 2,950இல் கடனில் கழிவது ஐந்நூறு ரூபாய் சொச்சம். இவ்வாறு குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையை அறிக்கையில் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை சொன்னது. அச்சிட்டிருந்தார்கள். கண்ணாடி வேண்டும் படிக்க.

அண்ணியையும் கூப்பிட்டு இருவருக்குமாக அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நகைக் கடனுக்கு என்ன வட்டி?" ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து அளவில் என்றேன். உள்ளே போய் இரண்டு வளையல்களைக் கொண்டுவந்து வைத்தார். மறுநாளே நகைக் கடன் வாங்கி, அறிக்கை வந்த மூன்றாம் நாள் அட்டைக் கடன் முழுவதையும் தீர்த்தோம். பள்ளிக் கட்டணப் பணம் தொடப்படவில்லை. தொழிற்சாலையிலிருந்து பயணப்படி வந்ததும் வளையல்களும் மீண்டன.

அடுத்த மாதம் அண்ணன் மறுபடியும் அறிக்கையோடு வந்தார். இருநூற்று நாற்பது ரூபாய் பாக்கி என்றிருந்தது. "எல்லாம் கட்டின பிறகு இது என்ன?" என்று கோபம். அறிக்கை தயாரான நாளுக்கும் நாங்கள் கட்டிய நாளுக்கும் நடுவே ஓடிய மூன்று நாள் வட்டி அது என்றேன். இம்முறை அவரே தாளை வாங்கி, ஐம்பத்தொன்பதாயிரத்தை நாற்பத்திரண்டால் பெருக்கி, மூன்றால் பெருக்கி, வகுத்து, வரியும் சேர்த்துப் பார்த்தார். சரியாக வந்தது. "கட்டிவிடு" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.